அகத்தை ஆராய்ந்த அண்ணாமலை முனிவர்

நடுநாட்டுத் திருத்தலங்களுள் தலைசிறந்து விளங்குவது திருவண்ணாமலை. இறைவன் தீயின் வடிவாய் எழுந்தருளியிருக்கும் தலம் என்று இதனைப் போற்றுவர். கார்த்திகைத் திங்களில் மலையுச்சியில் ஏற்றப்பெறும் தீபத்தைக் காண நாடெங்கிலுமிருந்து மக்கள் வந்து கூடுவர். இவ்வூருக்கு 1896ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் காலையில் பதினாறு வயது இளைஞர் ஒருவர் புகைவண்டியில் வந்து இறங்கினார். அவரை அழைத்தவர் எவரும் இலர். அவ்வூரில் அவருக்கு உற்றாரும் இலர். காதுக் கடுக்கனை நான்கு ரூபாய்க்கு ஈடு வைத்தே அவர் வழிச்செலவைச் சமாளித்திருந்தார். நேரே திருக்கோயிலுள் சென்று வழிபட்டார். பின்னர் அய்யங்குளத்தின் கரைக்கு வந்து, கையில் எஞ்சியிருந்த பணத்தை நீரில் எறிந்தார். அன்று வந்தவர் பிறகு அவ்வூரை விட்டு வெளியேறவேயில்லை. பிற்காலத்தில் உலகம் ரமண மகரிஷி என்று அறிந்த பெரியார் அவரே.

பாண்டி நாட்டிலே அருப்புக்கோட்டையை அடுத்த திருச்சுழி என்னும் ஊரில் சுந்தரமையர் என்பவர் வழக்கறிஞராகத் தொழில் புரிந்து வந்தார். அவருடைய மனைவியார் அழகம்மையார். இவ்விருவருக்கும் இரண்டாம் மகனாக 1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் ஆருத்திரா தரிசன நன்னாளில் பிறந்த குழந்தைக்கு வேங்கடராமன் எனப் பெயரிட்டனர். 1892ஆம் ஆண்டில் தந்தையார் காலமானார். அப்போது வேங்கடராமனுக்கு வயது பன்னிரண்டு. குடும்பம் பிரிந்தது, வேங்கடராமனும் தமையன் நாகசாமியும் மதுரையில் சிற்றப்பா சுப்பையரின் இல்லத்திற்கு வந்து சேர்ந்தனர். முதலில் ஸ்காட் நடுநிலைப் பள்ளியிலும், பின்னர் அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும் வேங்கடராமன் பயின்றார். பாடங்களில் அவருக்கு நாட்டம் குறைவு. விளையாட்டில் ஆர்வம் மிகுதி. ஒருமுறை கேட்டது மனத்தில் பதிந்துவிடுமாதலின், உழைப்பின்றியே வகுப்பைக் கடத்தி வந்தார். அவருக்கு ஒரு விந்தையான இயல்பும் இருந்தது. அவர் உறக்கம் மிக ஆழ்ந்தது. விழித்திருக்கும்போது அவரோடு மோத அஞ்சிய தோழர்கள், உறங்கும்போது தூக்கிச் சென்று அடித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து கிடத்துவார்களாம். காலையில் அவர் ஒன்றும் அறியார். இதனைச் சிறுபிள்ளை வேடிக்கை என்று தள்ளிவிடுதல் கூடாது. உறக்கத்தில் நான் எங்கே போயிருந்தேன் என்னும் வினா, பின்னாளில் அவருடைய உபதேசத்தில் முக்கியமான இடம் பெற்றது.

1896ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் நடுவில் ஒருநாள், வேங்கடராமன் சிற்றப்பாவின் வீட்டு மாடியறையில் தனியே அமர்ந்திருந்தார். உடலில் நோய் ஏதும் இல்லை. எனினும் தாம் இறக்கப் போகிறோம் என்னும் அச்சம் திடீரெனப் பற்றிக்கொண்டது. அந்த வயதினர் எவரும் அந்நிலையில் அலறி ஓடியிருப்பர். வீட்டாரையோ மருத்துவரையோ தேடியிருப்பர். வேங்கடராமனோ அவ்வச்சத்தையே ஆராயத் தலைப்பட்டார். கைகால்களை விறைப்பாக நீட்டிப் பிணம்போலப் படுத்தார், மூச்சை அடக்கினார், உதடுகளை இறுக மூடினார். இறப்பது எது என்று தம்மைத் தாமே கேட்டார். உடல் இறக்கும், அதனைத் தூக்கிச் சென்று சுடுவார்கள். ஆனால் அவ்வளவையும் அறிந்துகொண்டிருக்கும் நான் என்னும் உணர்வு அப்போதும் ஒளிவிட்டுக் கொண்டிருப்பதைக் கண்டார். சிறிது நேரத்தில் அச்சம் நீங்கியது; பின்னர் அது அவரிடம் திரும்பி வரவேயில்லை. அன்று முதல் அவர் நடத்தையும் மாறிற்று. உணவில் விருப்பு வெறுப்பு அகன்றது. பிறர் ஏசினால் எதிர்ப்பதும் நின்றது. மாலைதோறும் மீனாட்சியம்மன் கோயிலில் அறுபத்து மூவர் திருவுருவங்களின்முன் கண்ணீர் மல்க நிற்கலானார்.

அதே ஆண்டில் ஐரோப்பாவின் வியன்னா நகரில் வேறொருவர் மனித மனத்தின் உள்ளறைகளைத் திறக்க முயன்றுகொண்டிருந்தார். அவர் சிக்மண்ட் பிராய்டு என்னும் மருத்துவர். உளப்பகுப்பாய்வு என்னும் பெயரை அவர் தம் எழுத்தில் முதன்முதலாக ஆண்டது அந்த 1896ஆம் ஆண்டில்தான். அவ்வாண்டு அக்டோபரில் அவருடைய தந்தையார் இறந்தார். அத்துயரத்தால் தூண்டப்பெற்று அவர் தம் கனவுகளையும் நினைவுகளையும் தாமே ஆராயத் தொடங்கினார். கனவைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் அவ்வாராய்ச்சியில் விளைந்ததே. இருவரும் ஒருவரை ஒருவர் அறியார். ஒருவர் நாற்பது வயது மருத்துவர். மற்றவர் பள்ளி மாணவர். மரணம் உள்ளத்தை உலுக்கியபோது இருவரும் வெளியே ஓடாமல் உள்ளே திரும்பினர் என்பது மட்டுமே பொது. உள்ளே சென்ற பின்னர் இருவர் வழியும் பிரிந்தன.

வீட்டில் மாறுதல் தெரியாமல் இருக்குமா? தமையனுக்குச் சினம் மூண்டது. 1896ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், இலக்கணப் பாடத்தை மூன்றுமுறை எழுதிவரும்படி ஆசிரியர் தண்டனை விதித்திருந்தார். வேங்கடராமன் இருமுறை எழுதினார். பிறகு சுவடியைத் தள்ளிவிட்டுக் கண்மூடி அமர்ந்துவிட்டார். இப்படி இருப்பவனுக்கு வீடும் படிப்பும் எதற்கு என்னும் பொருள்படத் தமையன் கடிந்து கூறினார். அச்சொல் உண்மை என்று தம்பிக்குத் தோன்றியது. தனி வகுப்பு இருப்பதாகச் சொல்லி எழுந்தார். அவ்வாறாயின் பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துச் சென்று தமது கல்லூரிச் சம்பளத்தைக் கட்டிவிடும்படி தமையன் கூறினார். வேங்கடராமன் மூன்று ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டு ரூபாயை ஒரு கடிதத்துடன் வைத்துவிட்டுப் புறப்பட்டார்.

அக்கடிதம் ஊன்றி நோக்கத் தக்கது. தந்தையைத் தேடிச் செல்வதாகவும், எவரும் வருந்தவோ தேடவோ வேண்டா என்றும், கல்லூரிச் சம்பளம் இன்னும் கட்டப்படவில்லை என்றும் அதில் எழுதியிருந்தார். கடிதம் நான் என்று தொடங்குகிறது. அடுத்த வாக்கியத்திலேயே அந்த நான், இது என்று மாறிவிடுகிறது. முடிவில் கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு மட்டுமே உள்ளது. பதினாறு வயதுப் பிள்ளை திட்டமிட்டு அவ்வாறு எழுதினார் என்று கொள்வதற்கில்லை. எழுதும்போதே எழுதுபவர் கரைந்துபோனார் என்று சொல்லலாம்.

திருவண்ணாமலையில் தொடக்க நாட்கள் மிகக் கடுமையாயிருந்தன. கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் அவர் அசைவற்று அமர்ந்திருந்தபோது, சிறுவர்கள் கல்லெறிந்து துன்புறுத்தினர். அதற்கொதுங்கி மண்டபத்தின் கீழேயுள்ள பாதாள லிங்கக் குகைக்குச் சென்றார். அங்கே பூச்சிகள் தொடையை அரித்துப் புண்ணாக்கின, அவரோ உணர்ந்தாரில்லை. சேஷாத்திரி சுவாமிகள் என்னும் பெரியாரும் வேறு சில அன்பர்களும் அவரைக் காத்தனர். ஊரார் அவரைப் பிராமண சுவாமி என்றழைத்தனர். பெயரும் ஊரும் கேட்டோர்க்கு நெடுநாள் விடை கிடைக்கவில்லை.

எனினும் செய்தி மெல்லத் தாயை எட்டியது. 1898ஆம் ஆண்டு டிசம்பரில் அழகம்மையார் மூத்த மகனோடு திருவண்ணாமலைக்கு வந்தார். பவளக்குன்றில் பாறைமேல் சடைமுடியும் அழுக்கேறிய மேனியுமாய்க் கிடந்த துறவியைத் தம் மகன் என்று அடையாளம் கண்டார். தின்பண்டங்கள் கொணர்ந்து கொடுத்தார். வீட்டுக்கு வருமாறு நாள்தோறும் அழுதார். மகன் வாய் திறக்கவில்லை. உடனிருந்தோர் பொறுக்கமாட்டாமல், விடையை எழுதியேனும் கொடுக்கும்படி வேண்டினர். அவரவர் வினைக்கேற்ப நடப்பது நடந்தே தீரும், நடவாதது என் முயன்றாலும் நடவாது, ஆகையால் மௌனமே நன்று என்னும் கருத்தை அவர் எழுதிக் காட்டினார். கணவனை இழந்த ஒரு தாய்க்கு இது கொடிய விடை. துறவின் உயர்வைப் போற்றுவோரும் அன்று அழகம்மையார் குன்றைவிட்டு இறங்கிய காட்சியை எண்ணினால் நெஞ்சம் கலங்காதிரார்.

1899ஆம் ஆண்டு முதல் அவர் மலைமேலுள்ள விரூபாட்ச குகையில் வாழ்ந்தார். 1902ஆம் ஆண்டில் சிவப்பிரகாசம் பிள்ளை என்னும் அன்பர் அங்கு வந்தார். அவர் அரசாங்க வருவாய்த் துறையில் பணியாற்றியவர். கல்லூரியில் தத்துவம் பயின்றவர். தாம் யார் என்னும் ஐயம் அவரை நெடுநாளாக வாட்டியிருந்தது. அவர் ஒவ்வொன்றாக வினவ, பேசாதிருந்த சுவாமி மணலிலும் பலகையிலும் விடைகளை எழுதிக் காட்டினார். அவ்விடைகளே நான் யார் என்னும் சிறுநூலாயின.

அந்நூல் கூறும் கருத்தைச் சுருங்கக் காண்போம். மனம் என்பது தனிப்பொருள் அன்று. எண்ணங்களின் தொகுதியே அது. எண்ணங்கள் யாவற்றுக்கும் வேராக இருப்பது நான் என்னும் எண்ணம். ஆசையும் சினமும் அச்சமும் தாமே தோன்றுவன அல்ல. முன்னைப் பழக்கங்களின் பதிவுகள் உள்ளே ஒளிந்திருந்து அவற்றை எழுப்புகின்றன. இப்பதிவுகளை வாசனைகள் என்பர். மலர் அகன்ற பின்னும் மணம் கூடையில் தங்குவதைப்போல, அனுபவம் அகன்ற பின்னும் அதன் பதிவு மனத்தில் தங்குதலால் அப்பெயர் பொருந்துவதே. வாசனை எழும்போது அதனோடு போராட வேண்டா; அதன் பின்னே ஓடவும் வேண்டா. இது யாருக்கு எழுகிறது என்று வினவுக. எனக்கு என்று விடை வரும். அந்த நான் எங்கிருந்து எழுகிறது என்று மேலும் தேடுக. இதுவே அவர் காட்டிய வழி. 1907ஆம் ஆண்டில் பெரும்புலவராகிய காவ்யகண்ட கணபதி சாஸ்திரியார் இவ்வுபதேசத்தைக் கேட்டு வியந்து, அவருக்குப் பகவான் ஸ்ரீ ரமண மகரிஷி என்று பெயர் சூட்டினார்.

சிவப்பிரகாசம் பிள்ளை பெற்ற விடைகள் அச்சேறியது 1923ஆம் ஆண்டில். பிராய்டு, மனிதனின் ஆளுமையை விளக்கிய நூலை வெளியிட்டதும் அதே ஆண்டுதான். அந்நூலின் ஜெர்மானியப் பெயரை நேரே தமிழாக்கினால் நானும் அதுவும் என்றாகும். அது என்று அவர் குறித்தது, நனவிலி மனத்தில் கட்டுக்கடங்காது கொந்தளிக்கும் இயல்பூக்கங்களின் களத்தை. உடனே இன்பம் வேண்டும் என்பதன்றி வேறொன்றும் அது அறியாது. பெற்றோரும் சமுதாயமும் விதித்த கட்டளைகள் நாளடைவில் உள்ளேயே ஒரு நீதிபதியாய் அமர்ந்துவிடுகின்றன. இதனை நானுக்கு மேலான நான் என்றார். நான் என்பதோ இவ்விரண்டுக்கும் புறவுலகத்துக்கும் இடையே அகப்பட்டுத் தவிக்கும் நடுவன். அது வலுவிழந்தால் மனநோய் தோன்றும். ஆதலின் மறைந்து கிடக்கும் நினைவுகளை வெளிக்கொணர்ந்து, அந்த நானை வலுப்படுத்துவதே மருத்துவன் கடமை என்பது பிராய்டின் கொள்கை. அக்கொள்கை இந்தியாவுக்கும் விரைவில் வந்தது. 1922ஆம் ஆண்டில் கிரீந்திரசேகர போஸ் என்னும் அறிஞர் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார்.

இருவர் கொள்கையும் ஒன்றே என்று சொல்வாரும் உளர், அது பொருந்தாது. மனத்தின் மேற்பரப்புக்குக் கீழே நாம் அறியாத ஊக்கங்கள் நம்மை இயக்குகின்றன என்பதில் இருவரும் ஒத்துச் செல்வர். ஆனால் பிராய்டு அவ்வூக்கங்களின் கதையைக் கேட்டார். மகரிஷி அவற்றுக்கு உரியவன் யார் என்று கேட்டார். பிராய்டு கனவை எடுத்து ஆராய்ந்தார். மகரிஷி கனவற்ற உறக்கத்தைச் சுட்டிக்காட்டினார். கனவில்லாத உறக்கத்தில் ஆசை இல்லை, அச்சம் இல்லை, நான் என்னும் எண்ணமும் இல்லை. ஆயினும் நாம் இல்லாமற் போகவில்லை. நோயுற்றவனை வாழ்க்கைக்குத் தகுதியாக்க விரும்பிய மருத்துவருக்கு நான் என்பது காக்க வேண்டிய பொருள். முனிவருக்கோ அது மூலங்கண்டு விலக்க வேண்டிய பொருள்.

மகரிஷியின் கொள்கை மிகக் கடுமையான சோதனைக்கு உள்ளானது தாயின் இறுதி நாளில். பவளக்குன்றிலிருந்து அழுது திரும்பிய அழகம்மையார் மகனை மறக்கவில்லை. 1914ஆம் ஆண்டில் காண வந்தபோது அவர் கடுங்காய்ச்சலில் விழுந்தார். அப்போது மகரிஷி இரவும் பகலும் அருகிருந்து பணிவிடை செய்தார்; தாயின் நோய் தீர அருணாசலேசுவரரை வேண்டிப் பாடலும் இயற்றினார். நடப்பது நடந்தே தீரும் என்று முன்பு எழுதிய கை, இப்போது தாய்க்காக இறைஞ்சிற்று. 1916ஆம் ஆண்டில் அழகம்மையார் மகனிடமே நிலையாகத் தங்க வந்துவிட்டார். குகை போதாமையால் யாவரும் சற்று மேலேயுள்ள கந்தாசிரமத்துக்குக் குடிபெயர்ந்தனர்.

அம்மையார் ஆசாரத்தில் ஊறியவர். மடியும் தீட்டும் அவருக்கு உயிர். வெங்காயத்தையும் முருங்கைக்காயையும் கண்டால் ஒதுங்குவார். வெங்காயம் அதோ இருக்கிறது, மோட்சத்துக்கே தடையல்லவா என்று மகன் கேலி செய்வார். மற்ற எல்லாரோடும் பேசிக்கொண்டிருந்துவிட்டுத் தாயோடு மட்டும் பேசாதிருந்த நாட்களும் உண்டு. என் மகன் என்னும் பற்று தளர வேண்டும் என்பதே அவர் நோக்கம் என்பர். அம்மையார் கோபித்துக்கொள்வார், அழுவார், பிறகு சமையலுக்குச் சென்றுவிடுவார். மலையில் அன்பர்களுக்கு முறையாக உணவு சமைக்கத் தொடங்கியதே அவர் வந்த பின்னர்தான்.

1922ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் அவர் நிலைமை மோசமாயிற்று. காலை எட்டு மணியளவில் மகரிஷி அருகே அமர்ந்து, வலக்கையைத் தாயின் மார்பிலும் இடக்கையைத் தலைமீதும் வைத்தார். உடனிருந்தோர் வேதமும் இராம நாமமும் ஓதினர். பன்னிரண்டு மணி நேரம் அவர் கையை எடுக்கவில்லை. உள்ளே உறங்கிக் கிடந்த வாசனைகள் காட்சி காட்சியாய் எழுந்து வந்தன என்றும், ஒவ்வொன்றும் எழுந்தவாறே தேய்ந்து அடங்கிற்று என்றும் அவர் பின்னர் விளக்கினார். முன்பு அவருக்குத் தொண்டு செய்த பழனிசாமி இறந்தபோதும் இவ்வாறே முயன்றார். ஆனால் முடிந்துவிட்டதென்று எண்ணிக் கையைச் சற்று முன்னரே எடுத்துவிட்டதால் அம்முயற்சி நிறைவேறவில்லை என்பதை அவரே மறைக்காமல் சொல்லியிருக்கிறார். தாயின்பால் அப்பிழை நேராதவாறு, உயிர் அடங்கிய பின்னரும் சிறிது நேரம் கையை வைத்திருந்தார். இரவு எட்டு மணியளவில் எழுந்தார். முகத்தில் துயரம் இல்லை. தீட்டு இல்லை, உணவு கொள்ளலாம் என்று அன்பர்களிடம் கூறினார். ஆயுள் முழுவதும் தீட்டுக்கு அஞ்சி வாழ்ந்த அம்மையாருக்கு, அவர் மகனே அளித்த விடை அது.

மலையடிவாரத்தில் தாயின் உடலை அடக்கம் செய்தனர். அவ்வாண்டின் இறுதியில் மகரிஷியும் அவ்விடத்திற்கே வந்து தங்கினார். ஓலைக் குடிசையாய்த் தொடங்கிய அது ஸ்ரீ ரமணாசிரமமாக வளர்ந்தது. விடியுமுன் எழுந்து அடுக்களையில் காய் நறுக்குவதைப் பல ஆண்டுகள் அவர் வழக்கமாகக் கொண்டிருந்தார். பந்தியில் பிறருக்கு இடாத எதையும் தமக்கு இடலாகாது என்பதில் உறுதியாயிருந்தார். இலட்சுமி என்னும் பசுவும், நாய்களும், அணில்களும், மயில்களும் அவரிடம் உரிமையோடு பழகின.

1924ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் இரவு திருடர்கள் சிலர் ஆசிரமத்தினுள் புகுந்தனர். உள்ளதை எடுத்துக்கொள்ளும்படி அவர் அமைதியாகச் சொன்னார். கிடைத்தது சில ரூபாயே. திருடன் ஒருவன் அவர் இடத்தொடையில் ஓங்கி அடித்தான். மனநிறைவு உண்டாகவில்லையெனில் மற்றத் தொடையிலும் அடிக்கலாம் என்றார் அவர். சினந்தெழுந்த அன்பரைத் தடுத்துவிட்டார். பிறகு, தமக்கும் நல்ல பூசை கிடைத்தது என்று அடியையும் வழிபாட்டையும் ஒரே சொல்லால் குறித்து நகையாடினார். மதுரை மாடியறையில் அச்சம் அகன்றது உண்மையே என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

1931ஆம் ஆண்டில் பால் பிரண்டன் என்னும் ஆங்கிலேயர் வந்து சென்று எழுதிய நூலால் மகரிஷியின் புகழ் மேனாடுகளிலும் பரவிற்று. பிராய்டின் மாணவராயிருந்து பின்னர் கருத்து மாறுபட்டுப் பிரிந்த உளவியலறிஞர் யுங், 1937ஆம் ஆண்டு இறுதியில் இந்தியாவுக்கு வந்தார், தென்னாட்டிலும் சுற்றினார், ஆனால் திருவண்ணாமலைக்கு வரவில்லை. திருவனந்தபுரத்தில் மகரிஷியின் சீடரான எளிய பள்ளியாசிரியர் ஒருவரைக் கண்டார். குடும்பப் பொறுப்பைச் சுமந்துகொண்டே ஞானத்தை நாடிய அவரிடம் யுங் பெருமதிப்புக் கொண்டார். பின்னர் 1944ஆம் ஆண்டில் மகரிஷியைப் பற்றிய ஒரு ஜெர்மானிய நூலுக்கு முன்னுரை எழுதியபோது இதனை அவர் குறிப்பிட்டார். நான் என்பது எளிதில் கரைந்துவிடும் பொருளா என்ற ஐயம் யுங்குக்கு இருந்தது. பல்லாண்டு நோயாளிகளோடு பழகியவருக்கு அவ்வையம் எழுவது இயல்பே. அதைத் திருவண்ணாமலைக்கே வந்து கேட்டிருந்தால் என்ன விடை கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது சுவையானது. மௌனமே கிடைத்திருக்கவும் கூடும்.

1948ஆம் ஆண்டு இறுதியில் மகரிஷியின் இடக்கை முழங்கைக்கு அருகே சிறு கட்டி தோன்றிற்று. அறுத்தெடுத்தும் அது மீண்டும் வளர்ந்தது. கொடிய புற்று என்று மருத்துவர்கள் கண்டனர். நான்குமுறை அறுவை நடந்தது. கையையே எடுத்துவிடலாம் என்றபோது அவர் இசையவில்லை. வலி இல்லையா என்று கேட்டோர்க்கு, வலி உண்டு என்றே சொல்வார்; உடலின் துன்பத்தை அவர் மறுக்கவில்லை, அதனைத் தமது என்று கொள்ளவுமில்லை. அன்பர்கள் அழுதபோது அவர்களைத் தேற்றும் பொறுப்பும் நோயாளியின்மீதே விழுந்தது. தம்மைக் காண வருவோர்க்கு எந்நிலையிலும் தடை கூடாது என்று வற்புறுத்தி, இறுதி நாள்வரை காட்சி அளித்தார்.

1950ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மாலை, சிறிய அறையொன்றில் அவர் சாய்ந்திருக்க, வெளியே அன்பர்கள் அவர் பல்லாண்டுகளுக்கு முன் அருணாசலத்தின்மீது பாடிய அட்சரமணமாலையைப் பாடத் தொடங்கினர். அதனைக் கேட்டு அவர் கண்களைத் திறந்தார்; விழிக்கோடியில் நீர் வழிந்தது. இரவு 8 மணி 47 நிமிடத்திற்கு மூச்சு அமைதியாக நின்றது. அந்நேரத்தில் பேரொளி ஒன்று வானில் மெல்ல நகர்ந்து மலையை நோக்கிச் சென்றதைப் பலர் கண்டனர். மறுநாள் அவர் திருமேனியை அழகம்மையார் அடங்கிய கோயிலுக்கு அருகிலேயே அடக்கம் செய்தனர்.